தானாக எழும்பும் பெட்டி

'பீப்' என்று ஒரே ஒரு சத்தம். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்து கூப்பிடுவதுபோல. எங்கள் வீட்டில் கரண்ட் திரும்பி வந்ததை முதலில் சொல்வது அதுதான், முன்னறை மேசைக்குக் கீழே குந்தியிருக்கும் கொம்பியூட்டர்ப் பெட்டி. இன்று மத்தியானமும் சொன்னது. நான் குசினியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கைச்சோறு கையிலேயே இருக்கக் கால் எழும்பிவிட்டது. முன்னறை வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது: அங்கே எனக்கு இனி வேலை இல்லை.

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானில் கரண்ட் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். யானை தென்னையைத் தள்ளும், தென்னை கம்பியில் விழும். இடி முழங்கினாலோ நாங்களே ஓடிப்போய் மெயின் சுவிச்சை இறக்கிவிடுவோம். கண்ணாடி மின்னலை இழுக்கும் என்று இங்கே வீட்டுக்கு வீடு நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். நானும் மூடுவேன். கொம்பியூட்டர்த் திரையும் கண்ணாடிபோலத்தானே மினுங்குகிறது! அதற்கும் பெட்டிக்கும் சேர்த்து என் மனைவியின் பழைய சேலை ஒன்றைப் போர்த்திவிடுவேன். இதைக் கேள்விப்பட்ட அன்று அவள் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன், மின்னல் வந்து எங்கடை வீட்டிலை பவுடர் பூசப் போகுதோ?"

அவள் கிணறுகளைப் படிக்கிறவள். இந்தச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் எப்போது இறங்குகிறது, எப்போது ஊறுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காகவே பனி கொட்டும் ஒரு நாட்டுக்குப் படிக்கப் போனாள். கிணறுகளுக்குள் அவள் இறக்கிவைத்த மானிகள் அனுப்பும் அளவுகளை எங்கள் வீட்டுப் பெட்டி வாங்கிச் சேர்த்துவைக்கும். அதற்குள் நோட்புக் என்று ஒன்று உண்டு. கடதாசிக் கொப்பி அல்ல. கணக்கும் வரைபும் அவளுடைய குறிப்பும் ஒரே பக்கத்தில் ஓடுகிற ஒரு நிரல். அந்தப் பக்கத்தை அவள் அங்கே இருந்தபடியே திறந்து வேலை செய்வாள். திறப்பதற்கு, அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பிக்கொடுக்கிற சேர்வர் இங்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கரைச்சல் அங்கேதான். கரண்ட் வந்தால் பெட்டி எழும்பும், சேர்வர் எழும்பாது. கடவுச்சொல் கொடுத்து, ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, அவள் சொல்லித்தந்த ஒற்றை வரியை அடித்து, அந்த ஜன்னலை மூடாமல் அப்படியே விடவேண்டும். வீட்டில் ஆராவது செய்யலாம். ஆராவது என்றால் நான்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அங்கே அவளுக்குப் பக்கம் திறக்காவிட்டால் இங்கே போன் அடிக்கும்.

"இஞ்சாருங்கோ, கரண்ட் போட்டுதோ?"

"போட்டு வந்திட்டுது. யானை."

"ஆற்றை தென்னை?"

"பின்வளவுக்காரற்றை."

"அதுகள் பாவம். சரி, அந்த வரியை அடியுங்கோ."

நான் ஒரு விரலால் அடிக்கிறவன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவேன். அவள் அங்கே காத்திருப்பாள். காத்திருக்கும்போது மனிதர் சும்மா இருக்கமாட்டார்கள் அல்லவா? முருங்கை பூத்ததா என்று கேட்பாள். "என்ன சாப்பிட்டனீர்?" என்பேன் நான்.

"பாண்."

"பாணும்?"

"பாணும் பாணும்."

பிறகு அவளுடைய பக்கம் திறந்துவிடும். "வந்திட்டுது, வைக்கிறன்" என்பாள். அவள் போன் எடுத்ததற்கும் பக்கம் திறந்ததற்கும் இடையில் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் குடித்தனம்.

தொடக்கத்தில் சும்மாவும் போன் எடுத்துக் கதைப்பாள். பிறகு படிப்பு இறுகியது. எப்போதிருந்து என்று எனக்குத் தெரியாது, கரண்ட் போகாத கிழமைகளில் போன் அடிப்பதில்லை என்பதை ஒருநாள் கண்டுகொண்டேன். நானாக எடுத்தால், "என்னப்பா, ஏதும் பிரச்சினையோ?" என்று பதறுவாள். பிரச்சினை இல்லை என்றவுடன் இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிடும். மௌனத்துக்கும் அந்தப் பனி நாட்டின் இரைச்சல் ஒன்று இருந்தது, கம்பிக்குள்ளால் காற்றுப் போவதுபோல. அதைக் கேட்கப் பயந்தே எடுப்பதைக் குறைத்தேன். கரண்ட் போகக் காத்திருந்தேன். வானம் கறுத்தால் எனக்குள் ஏதோ வெளிக்கும். காட்டுப் பக்கம் வெடி கொளுத்தி யானை கலைக்கிற சத்தம் கேட்டால், எந்தப் பக்கம் போகிறது, கம்பிப் பக்கமா என்று காது கொடுப்பேன்.

பக்கத்து வளவு அக்காவின் கண்ணுக்கு இது தப்பவில்லை. மலைநாட்டிலிருந்து வந்து இங்கே வயல் செய்கிற குடும்பம். அவருடைய கிணற்றிலும் ஒரு மானி இருக்கிறது. வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்துக் கேட்டார்:

"என்னங்க மாஸ்டர், மிக்சியில சட்னி பாதியில நின்னு நான் எரிஞ்சிக்கிட்டிருக்கேன், நீங்க பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க? கரண்டு போனா உங்களுக்கு யாராச்சும் சீதனம் தர்றாங்களா?"

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு என் மனைவி வந்தாள். கோயில் வீதியில் சனம் நெருக்கியபோது என் சேட்டின் பின்முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தால் விட்டுவிடுவாளோ என்று நான் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒருநாள் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இதுக்கு ஒரு முடிவு கட்டவேணும். எத்தினை தரம் உங்களை அலைக்கழிக்கிறது? பள்ளிக்கூடத்திலை வகுப்பையும் விட்டிட்டெல்லோ ஓடி வாறனீங்கள்."

"எனக்கு அது ஒரு அலைச்சலே?"

அவளுக்குக் கேட்கவில்லை. தட்டத் தொடங்கிவிட்டாள். சின்னக் கோப்புத்தான். பெட்டி எழும்புகிறபோதே நீயும் எழும்பு, ஆரும் வந்து கடவுச்சொல் அடிக்கக் காத்திராதே, ஜன்னல் திறக்காதே, பின்னால் இருந்து ஓடு, விழுந்தால் நீயே எழும்பு. சேர்வருக்கு இடுகிற கட்டளைகள். எனக்கு அவை வேறு ஆருக்கோ சொல்கிற புத்திமதிபோல இருந்தன.

"மெயினை இறக்கி ஏத்துங்கோ பாப்பம்."

இறக்கினேன். ஏற்றினேன். பீப். நான் ஒன்றும் அடிக்காமலே பக்கம் திறந்தது. ஆனால் வெறும் பக்கம். அளவு இல்லை, வரைபு இல்லை, ஒரு கிணறும் இல்லை.

"ஐயோ, என்ரை வேலை முழுக்க..."

அவள் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தனை வருட உழைப்பும் போய்விட்டதோ என்று எனக்கும் நெஞ்சு அடித்தது. கை அங்கேயே இருக்கவேண்டும் என்றும் அடித்தது.

பிறகு சிரித்தாள். "நான் ஒரு லூசு. ஆற்றை பேரிலை எழும்பவேணும், எந்த இடத்திலை நிக்கவேணும் எண்டு சொல்லேல்லை. அது ஆற்றையோ பேரிலை எழும்பி, வேறை அறைக்குள்ளை போய் நிண்டு முழிக்குது. எல்லாம் பத்திரமா இருக்கு."

கையை எடுத்து, கோப்பில் தன் பெயரையும் இடத்தையும் எழுதினாள். மறுபடி இறக்கினேன், ஏற்றினேன். இம்முறை கிணறுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"பாத்தீங்களே! தானா எழும்பீட்டுது!"

போவதற்கு முன் எனக்கு மூன்று கட்டளைகள் காட்டித்தந்தாள்: தொடங்க, நிறுத்த, நிலை பார்க்க. நிலை பார்க்கிறதை மட்டும் இப்போதும் அடிப்பேன். ஒரு பச்சைப் புள்ளி வரும், ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கீழே ஓர் ஓரத்தில் அவளுடைய பெயர். இந்த வீட்டில் அவள் பெயரில் எழும்புகிறது அது ஒன்றுதான். நிறுத்துகிற கட்டளையும் மறக்கவில்லை. அடித்தால் போன் வரும். விரல் போகவில்லை; அதற்குள் இருப்பது அவளுடைய தண்ணீர்.

இன்றும் சாப்பாட்டை முடித்து, கை கழுவி, போனைப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கூரைத் தகரத்தைக் கிளப்பிக் கிளப்பிப் போட்டது. அவள் வெளிக்கிட்ட காலையிலும் இதே காற்றுத்தான். வவுனியா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்திருந்தது. பையை ஏற்றிவிட்டு நான் கீழே நின்றேன்.

"பெட்டிக்குச் சேலை போத்தாதேங்கோ, என்ன? சூடேறிச் செத்துப்போம்."

"சரி."

"நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

"ஓம்."

முதல்நாளே ஒரு பெரிய வசனம் யோசித்து வைத்திருந்தேன். பஸ் உறுமியது. வாயில் வந்தது இவ்வளவுதான்:

"கரண்ட் போனா எடும், என்ன?"

அவள் பறந்த தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"கரண்ட் போய் வந்ததே இனி எனக்குத் தெரிய வராதப்பா."