இடப்புறக் கறை

ஐப்பசி, இரண்டாம் ஞாயிறு. முக்கொம்பு, காவிரிக் கரைப் படிகள். காலை 6.10. வானம் மூட்டம், காற்று இல்லை. பத்து ஸ்டாப் ஃபில்டர். நேரம் நான்கு நிமிடம். எடுத்தது ஒரே படம். உடன் வந்தவர்: மனைவி.

அதிலிருந்து பதினோராம் நாள் காலை அவள் சமையலறையில் விழுந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்ட ஆம்புலன்ஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதல் பத்தி என் குறிப்பேட்டில் உள்ளது. இரண்டாவதை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஃபில்டர் என்பது லென்ஸின் முன் பொருத்தும் கருங்கண்ணாடி. ஒளியைத் தடுத்து, நொடியில் முடியவேண்டிய படத்தை நிமிடக்கணக்கில் நீட்டிக்கும். ஓடும் நீர் பனிபோல் படிந்துவிடும். நடமாடும் மனிதர் எவரும் பதியமாட்டார். ஓய்வு பெற்றபின் ஆளில்லாத ஆற்றை எடுப்பதே என் பிடிவாதமாக இருந்தது.

அந்த ஞாயிறன்று படியில் பையை வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"ஏங்க, குறுக்கே வந்துட்டேனா?"

"பரவாயில்லை. நடந்துக்கிட்டே இரு, படத்துல விழமாட்டே."

"முப்பத்தாறு வருஷமா நடந்துக்கிட்டுதான் இருக்கேன். உங்க படத்துல விழணும்னா கல்லாப் பொறந்திருக்கணும்."

சிரித்தேன். என் கண் கடிகாரத்தில் இருந்தது.

படம் திரையில் வந்தபோது, இடப்புறப் படியில் அவள் புடவையின் அரக்கு நிறத்தில் ஒரு கறை. அதனூடே கல் தெரிந்தது.

"உட்கார்ந்தியா?"

"கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. ஒரு நிமிஷம்தாங்க."

"அந்த ஒரு நிமிஷம்தான் விழுந்திருக்கு." கடுமையாகவே சொன்னேன்.

"அழிச்சிடுங்க. அதெல்லாம் உங்களுக்கு நல்லா வருமே."

காரியத்துக்கு மாலையிட ஒரு படம் வேண்டும் என்றாள் மகள். கணினியில் பன்னிரண்டு ஆண்டுகளின் காவிரியும் கொள்ளிடமும் இருந்தன. பாதியிலேயே அவள் நிறுத்திவிட்டாள்.

"இவ்வளவு எடுத்திருக்கீங்க. அம்மா ஒண்ணுலகூடவா இல்லைப்பா?"

கல்யாணப் படத்தில் அவள் அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. உறவினர்கள் எடுத்தவற்றில் யாருடைய தோளுக்கோ பின்னால் நிற்கிறாள். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். அதில் இருக்கும் பெண் எதையோ கண்டு மிரண்டவள்போல் இருக்கிறாள். கூடத்தில் அதுதான் தொங்குகிறது.

நான் எடுத்ததில் அவள் இருப்பது அந்தக் கறையில் மட்டுமே. பெரிதாக்கினால் தோளின் சாய்வு தெரிகிறது. கை நெஞ்சருகே இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முகம் இல்லை. பக்கத்தில் பை மட்டும், ஜிப்பின் பற்கள் உட்பட, மிகத் துல்லியமாக விழுந்திருக்கிறது.

படம் எடுத்த அன்று வீடு திரும்பியதும் குறிப்பேட்டில் பாக்கி வேலைகளை எழுதியிருந்தேன். வரிசையை மாற்றாமல் தருகிறேன். எதுவும் செய்யப்படவில்லை.

1. ஃபில்டரைத் துடைக்க வேண்டும்.
2. இடப்புறக் கறையை அழிக்க வேண்டும்.
3. அவளுக்கு மூச்சு வாங்குவதை டாக்டரிடம் காட்ட வேண்டும்.