தோலுக்கடியில் ஒரு சுண்டெலி

வீட்டில் பயிற்சி செய்ததாகச் சொல்பவர்களை முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வதே பிசியோதெரபித் தொழில். இதில் உழல்வோர் தலையசைப்பீர்கள்.

அன்று சிங்கப்பூர் தோ பாயோவில் உள்ள என் சிகிச்சையறையில் இருந்தோர்: நான், உதவியாளர் மாலதி, சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் சிவகுமார், அவர் மனைவி ராணி. சிவகுமாரின் வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல் வேறு.

மூஸ்குலுஸ்

நோயாளிக்கு ஆர்வம் பிறக்கட்டுமென்று, 'மசில்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரை விளக்கினேன். லத்தீனில் 'மூஸ்குலுஸ்' என்றால் சுண்டெலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் சதை ஓடுவது, எலி ஓடுவதுபோல் அக்காலத்தவருக்குத் தோன்றியிருக்கிறது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அதன் வேரான, எலியைக் குறிக்கும் 'மூஸ்' என்பதும் நம் 'மூஷிகம்' என்பதும் உறவுச் சொற்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ராணி கணவரின் தோளைத் தட்டிப் பார்த்தார். "அப்ப இவருக்கு எலி செத்துப்போச்சா ஆன்ட்டி?"

வாகனம்

அடுத்த முறை, இறுகிய சதையை என் முழங்கையால் அழுத்தினேன். சிவகுமார் துள்ளி எழுந்தார். மூஷிகம் பிள்ளையாரின் வாகனமாம். விரத காலத்தில் அதை இடிக்கவிடுவது பாவமாம். "அது சொல்லின் வரலாறு, உங்கள் தோளில் குடியிருக்கும் பிராணி அன்று" என்று கண்டித்தேன். அவர் மீண்டும் படுக்கவில்லை.

மாலதி துண்டை மடித்தபடியே சொன்னாள்: "நீங்கதானே மேடம் உள்ள விட்டீங்க, நீங்களே வெளிய எடுங்க லா."

வீட்டுப் பயிற்சி

சுவரில் விரல்களால் மெல்ல மேலேறும் பயிற்சியைத் தந்து அனுப்பினேன். மறுவாரமும் கை எழவில்லை. "தினமும் செய்றேன் ஆன்ட்டி" என்றார் சிவகுமார்.

"எங்க செய்றாரு? டிவி ரிமோட்டையே நான்தான் எடுத்துக் குடுக்கறேன்" என்றார் ராணி.

இப்படியே போனால் காவடியைத் தோளில் வைக்க அனுமதிக்க மாட்டேன் என்று அறிவித்தேன். சிவகுமார் முகம் வாடியது. ராணி வாடவில்லை. "பரவால்ல, என் தம்பி தூக்குவான். இவரு பின்னாடி தண்ணி பாட்டில் எடுத்துட்டு வரட்டும்."

சுவர்

அதற்கடுத்த வாரம் சிவகுமார் உள்ளே வந்ததும், எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் சுவரை நோக்கி நின்றார். பல்லைக் கடித்தார். விரல்கள் ஊர்ந்தன, காதைத் தாண்டின, கை நேராக நின்றது. திரும்பி ராணியை ஒரு பார்வை பார்த்தார்.

லத்தீனால் ஆகாததை மைத்துனன் பெயர் சாதித்துவிட்டதை நான் ஒப்புக்கொள்வதற்குள், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.