சின்னம்மாவின் வல்லாரைப் பாத்தி

நல்லொழுக்கத்துக்கான பரிசு ஒன்றைக் கல்லூரியில் நான் பெற்றிருக்கிறேன். அந்தச் சான்றிதழ் இன்றும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைப் பெறுவதற்கு முதல்நாள் நடந்ததை இதுவரை எவரிடமும் நான் கூறியதில்லை.

போரினால் மண்ணெண்ணெய்கூட அரிதாகிப்போன பொருளாதாரத் தடைக் காலம் அது. கொக்குவிலில் எங்கள் வீட்டிலேயே சித்தப்பாவும் சின்னம்மாவும் இருந்தார்கள். மணமாகி ஏழாண்டுகள் கடந்தும் சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவர் நட்ட கத்தரி பட்டுப்போனாலும் கறிவேப்பிலை கருகினாலும் அம்மா ஒரே காரணத்தையே கண்டார்.

"உவளின்ரை கைராசி அப்பிடி. உவள் தொட்டது ஒண்டும் தழைக்காது."

அந்தச் சொல்லைப் பொய்யாக்கவே சின்னம்மா கிணற்றடியில் வல்லாரை வைத்தார் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் வெயிலுக்குச் சற்றும் ஒத்துவராத கொடி அது. ஈரம் குறைந்தால் சுருளும். நீர் தேங்கினால் அழுகும். சவர்க்காரத் தண்ணீர் பட்டால் மஞ்சளாகும். இரு தடவை பட்டுப்போயிற்று. மூன்றாம் தடவை, வேர்விட்ட ஒவ்வொரு கணுவையும் நண்பகலில் தேங்காய்ச் சிரட்டையால் மூடி, வெயில் தாழ்ந்ததும் திறந்துவிட்டார். அரிசி கழுவிய தண்ணீரைக் கையால் தெளித்தார். இரண்டு மாதத்தில் பாய் விரித்தாற்போல் படர்ந்தது. முதன்முதல் பறித்ததைச் சம்பல் போட்டு அம்மாவுக்கே பரிமாறினார்.

"உப்புக் கொஞ்சம் காணாது," என்றார் அம்மா. ஆனால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். அன்று முழுவதும் சின்னம்மாவின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

பரிசளிப்புக்கு முதல்நாள், என் சைக்கிள் செயினில் துரு இருப்பது எனக்கு மானக்கேடாகத் தோன்றியது. ஜாம் போத்தல் விளக்குக்குத் துளித்துளியாக வார்ப்பதற்கென அம்மா ஒளித்து வைத்திருந்த மண்ணெண்ணெயைக் களவாக எடுத்தேன். பாத்தியோரம் கிடந்த சிரட்டையொன்றில் அதை ஊற்றிச் செயினைக் கழுவினேன். கழுவிய எண்ணெய் வல்லாரைக்குள் வடிந்தது. நாலு வாளி தண்ணீர் வார்த்தேன். சிரட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மூன்றாம் நாள் பாத்தி முழுவதும் கருகிக் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னன்," என்றார் அம்மா. "உனக்கு உது சரிவராது பிள்ளை. விடு."

நான் சைக்கிளருகே போய் நின்றுகொண்டேன். நல்லொழுக்கச் சான்றிதழுக்கு இன்னும் சட்டகம்கூடப் போட்டிருக்கவில்லை.

சின்னம்மா சிரட்டைகளைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒன்றை மட்டும் மூக்கருகே கொண்டுபோனார். பின்னர், மதிலில் சாத்தியிருந்த என் சைக்கிளைப் பார்த்தார். மண்ணெண்ணெயில் கைவைத்தவனை அம்மா என்ன செய்வார் என்பது அவருக்குத் தெரியும்.

"ஓம் அக்கா. என்ரை கைராசிதான்," என்றார்.

அம்மா உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, செயின் நல்லாய்ப் பளபளக்குது."

அதன்பின் எங்கள் வளவில் அவர் ஒரு கன்றும் நட்டதில்லை. நானோ அப்போது செயினைப் பற்றி அவர் சொன்னதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இன்னும் நன்றாகப் பார்க்கட்டும் என்று பெடலைச் சுற்றிக் காட்டினேன்.