பக்கத்து மேசையின் நேர்கோடு

குளிர் தொடங்கி முதன்முதலாக ஹீற்றரைப் போடும் நாளில் புலம்பெயர்ந்து வந்த பியர்பொன்ட்ஸில் எங்கள் வீடு முழுக்கத் தூசி கருகும் மணம் எழும்பும். அது என்னை யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளியின் பௌதிக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்விடும்; அங்கே சூடேறிய கம்பிச் சுருளும் இப்படித்தான் மணக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வலு. நான் மின்னோட்டம் காட்டும் மானியின் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்து, மூச்சை அடக்கி வாசிப்பேன். சூடேறச் சூடேறக் கம்பியின் தடை கூடுமாதலால் நான் புள்ளி வைத்துக் கீறும் வரைபு, நேர்மைக்குத் தண்டனையாக, வளைந்து போகும். பக்கத்து மேசை ஜெயராசாவின் வரைபோ அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக ஓடும். ஆசிரியர் அதைத்தான் சுவரில் ஒட்டுவார். போரில் அந்தச் சுவரே இடிந்துபோயிற்று, என் பொறாமைக்கு ஒரு கீறலும் விழவில்லை.

இன்று மணம் தாங்காமல், இங்கே பக்கத்து ஊரான டோர்வலில் இருக்கும் அவனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டே விட்டேன்.

"மச்சான், உன்ர புள்ளியெல்லாம் எப்பிடியடா கோட்டிலயே விழுந்தது?"

"நான் எங்கயடா மானியைப் பாத்தன்? முதல் வாசிப்பை மட்டும் எடுத்துப்போட்டு, மிச்சத்தைக் கணக்குப் பண்ணி எழுதிப்போடுவன். பேந்து யன்னலுக்கால பாத்துக்கொண்டு நிப்பன். வாகை மரத்தில கொக்குகள் வந்து இறங்குமே, ஞாபகமில்லையே?"

"ஓம், ஓம்" என்றேன்.

எந்த வாகை? அந்த அறையில் யன்னல் இருந்ததே எனக்கு ஞாபகமில்லை. வரைபை விடுங்கள், அந்தக் கொக்குகளும் அவனிடம்தான் இருக்கின்றன.