உனக்கும் இழுக்குதாம்மா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனாரிடமிருந்து போன். எடுத்ததும் வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை. பேரன் என்ன பண்றான் என்கிற கேள்வியும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, செல்வம் பக்கத்துல இருக்கானா?" என்றார்.

செல்வம் என் கணவர். மாமாவின் ஒரே மகன்.

"இல்ல மாமா, கறி வாங்கப் போயிருக்காரு."

"அப்ப நீ மட்டும் வீடு வரைக்கும் வந்துட்டுப் போம்மா. அவன்ட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டிலிருந்து மாமா வீடு இருக்கும் கே.கே. நகர் அப்படியொன்றும் தூரமில்லை. அன்றைக்கு ஸ்கூட்டரில் போகும்போது தீராத தூரமாக இருந்தது. மகனுக்குத் தெரியாமல் மருமகளிடம் சொல்ல அப்படி என்ன இருக்கும்? அத்தைக்கு ஏதாவது...?

போனால், அத்தை வாசலில் கீரைக்காரம்மாவிடம் தெம்பாகப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். மாமா தேய்த்த சட்டையோடு காருக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பாரும்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். மாமா படித்து, அரசாங்க வேலைக்கு வந்து, ரிட்டயர் ஆனபோது வாங்கிய கார் அது. எங்கள் குடும்பத்தின் முதல் கார். அத்தையைக் கோயிலுக்கோ, கல்யாண வீட்டுக்கோ, கண் ஆஸ்பத்திரிக்கோ – எங்கே கூட்டிப்போவதென்றாலும் மாமாதான் ஓட்டுவார்.

கொஞ்ச நாளாக வண்டி இடத்தை விட்டு நகரவில்லை. எங்கே போனாலும் ஆட்டோ. கேட்டால், "சிம்மக்கல் பக்கம் வண்டிய நிறுத்த எடமே கெடைக்க மாட்டேங்குதும்மா" என்பார். என் கணவர் பார்த்தார். "ஓட்டாத வண்டி எதுக்குப்பா? வித்துரலாம்" என்றார். மாமா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. புதன்கிழமை ஒருவர் வந்து வண்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு.

விற்கப்போகிற வண்டியை நான் எதற்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்? கேட்கவில்லை. ரிங் ரோட்டுக்கு விட்டேன்.

மாமா ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஸ்டீயரிங் மேல் இருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெறிச்சோடிக் கிடந்த ஓர் இடத்தில் எனக்குப் பிடிபட்டது. பிடியை லேசாகத் தளர்த்தினால் வண்டி இடது பக்கம் ஒதுங்குகிறது. ரோடு சரிவாக இருந்தால் எந்த வண்டியும் கொஞ்சம் ஒதுங்கத்தான் செய்யும். அதனால் சமமான இடமாகப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, மறுபடியும் தளர்த்திப் பார்த்தேன். அப்போதும் இடதுதான்.

"மாமா, வண்டி லெஃப்ட்ல இழுக்குது."

திரும்பினேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"உனக்கும் இழுக்குதாம்மா?"

"ஆமா மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்காகச் சொல்லாத."

"நெசமாத்தான் மாமா. இறுக்கிப் பிடிக்கலேன்னா ஓரத்துக்கே போயிரும் போல."

தன் கார் ரிப்பேர் என்று கேட்டு இம்புட்டு சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை!

வண்டியை ஓரம் கட்டினேன். மெதுவாகச் சொன்னார்.

"எங்க அண்ணனுக்கு இப்படித்தான்மா ஆரம்பிச்சுச்சு. சைக்கிள் ஒரு பக்கமாவே போகுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. கடைசில பாத்தா, சைக்கிள் இல்ல... கை. வாதம்னாங்க. அப்புறம் படுத்தவரு எந்திரிக்கல. எனக்கும் தோள்பட்டை வேற வலிக்குதா... வண்டி இழுக்கல, என் கைதான் விழுகுதுன்னு நெனச்சுட்டேன். உங்க அத்தையப் பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டு எப்படி ஓட்டுறது, சொல்லு?"

தினமும் விடிகாலையில் இடது கையால் தண்ணி வாளியைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார். டாக்டரிடம் போகப் பயம். வீட்டில் சொல்லவும் பயம். எல்லாவற்றையும் தனியாகவே சுமந்திருக்கிறார் மனுஷன்.

பெட்ரோல் பங்கில் காற்றுப் பார்த்தோம். எல்லா டயரிலும் சரியாக இருந்தது. கீழே இறங்கியபோது லேசாகக் கருகிய வாடை. முன் சக்கரங்களுக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனேன். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் அடுப்பு!

நேராக ஒர்க்‌ஷாப். மெக்கானிக் தம்பி டயரைப் பார்த்துவிட்டு, "அலைன்மென்ட் பாத்துட்டா சரியாப் போயிரும்க்கா" என்றார். இடது சக்கரம் கொதிக்கிற விஷயத்தைச் சொன்னேன். உடனே ஜாக்கி போட்டுத் தூக்கினார். வலது சக்கரம் தட்டினால் தாராளமாகச் சுற்றியது. இடது சக்கரம் முக்கி முனகி அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுத்தாலும் அந்தச் சக்கரத்தில் மட்டும் பிரேக் விலகவில்லை. துருப்பிடித்து இறுகிவிட்டது. சும்மா நிறுத்தி வைத்ததில் இன்னும் மோசமாகியிருந்தது.

மாமா குனிந்து பார்த்தார். "ஏம்ப்பா, அப்ப ஓட்டுறவங்க மேல தப்பில்லையே?"

"யார் ஓட்டுனாலும் இழுக்கத்தான்யா செய்யும்."

"யார் ஓட்டுனாலும்?"

"ஆமாய்யா, நான் ஓட்டுனாலும்!"

பிரேக்கைக் கழற்றிச் சரிசெய்து முடிப்பதற்குள் அங்கிருந்த எல்லோருக்கும் மாமா செலவில் டீ வந்தது. வண்டியைக் காட்ட வந்திருந்த வேறு ஒருவருக்கும் சேர்த்து.

நான் விடவில்லை. மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கையைத் தூக்கச் சொல்லி, மடக்கச் சொல்லி, விரலை அழுத்தச் சொல்லி எல்லாம் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை. தோள் வலி? இடது பக்கம் இழுக்கிற வண்டியை வலது பக்கம் முறுக்கிப் பிடித்தே ஓட்டியிருக்கிறார் அல்லவா... அதுதான்.

அறுபதைத் தாண்டிவிட்டால் போதும், எந்தக் கோளாறுக்கும் நம்மிடம் ஒரே காரணம்தான் – வயசு. காது கேட்கவில்லையா, வயசு. சாவி காணவில்லையா, வயசு. நாம் சொல்லிச் சொல்லி, அவர்களே அதை நம்பிவிடுகிறார்கள். அதுதான் கொடுமை.

அன்றைக்குச் சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டார் மாமா. "வண்டி விக்கிறதுக்கு இல்லப்பா. புதன்கெழம நானும் உங்கம்மாவும் அழகர்கோயில் போறோம்."

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு மிச்சமிருந்தது. கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "இதை ஏன் மாமா அவர்ட்ட சொல்லாம என்கிட்ட சொன்னீங்க?"

"அவன்ட்ட சொன்னா, 'இனி நீங்க ஓட்ட வேணாம்ப்பா'ம்பான். பாசந்தான், இல்லேங்கல. நீ ஓட்டிப் பாப்பேம்மா."

பெரியவர்கள் ஒரு குறை சொன்னால், தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நாமும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிடலாம்...

இந்த வாரப் பத்தி செல்வத்துக்கும் சேர்த்துத்தான் – அவர் இதையெல்லாம் படிப்பதாக இருந்தால்!