கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தும் எங்கள் அக்காவும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை ஏதோ ஒரு வகையில் அறிந்தவர்கள். சிலருக்கு அவர் மனு எழுதிக் கொடுத்திருப்பார். சிலருடைய பிள்ளையைக் கையோடு அழைத்துப் போய்ப் பள்ளியில் சேர்த்திருப்பார். சிலரிடம் சண்டையும் போட்டிருப்பார். எனக்கு அவர் அக்கா மட்டும் அல்ல, அம்மாவின் இடத்தில் இருந்தவர். அதனால் இதை எழுதும் பொறுப்பை அவருடைய கணவர், என் மாமா, என்னிடம் விட்டார்.

தென்னேரிக்குப் பக்கத்தில் ஏரிக் கால்வாயை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் அக்கா பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கி, களை எடுத்து, அறுப்பு அறுத்துப் பிழைத்தவர்கள். பாதிரியார் ஒருவர் சொல்லி, அக்காவை மிஷன் போர்டிங் பள்ளியில் விட்டார்கள். எட்டாவது வரை படித்தார். இங்கிலீஷைத் தயங்காமல் படிப்பார். அந்த வருடம் அம்மா காய்ச்சலில் இறந்தார். எனக்கு வயது ஆறு, அக்காவுக்குப் பதினான்கு. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போர்டிங்கிலிருந்து நடந்தே வந்தவர் மறுபடி பள்ளிக்குப் போகவில்லை. என்னைக் குளிப்பாட்டினார், சோறு ஊட்டினார், நடவுக்குப் போனார். நான்கு வருடத்தில் அப்பாவும் போய்விட்டார்.

உத்திரமேரூரிலிருந்து பெண் கேட்டு வந்தபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "எந்தம்பியும் என்கூட வருவான். சரின்னா சொல்லுங்க." மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். "ரெண்டு பேரையும் கூட்டிகினு போறேன்" என்றாராம். அந்த மனிதர்தான் என் மாமா. பிளாக் ஆபீஸில் பியூன் வேலை. பட்டாளத்தில் கற்ற கால்பந்தை எங்கள் காலனிப் பையன்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் எட்டு அணிகள் சேர்ந்து ஒரு லீக் நடத்தினார்கள். அறுப்பு முடிந்ததும் ஆரம்பிக்கும். கோல் கம்பங்கள் சவுக்குக் கழிகள், குறுக்கே ஒரு மூங்கில். பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடுவார்கள். ரெஃப்ரிகள் மூன்று பேர்: மாமா, ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர், கோ-ஆபரேட்டிவ் சொசைட்டி கிளார்க்கு. கமிட்டியார் எங்கிருந்தோ வரவழைத்த இங்கிலீஷ் விதிப் புத்தகம் ஒன்று மாமாவிடம் வந்தது. மாமாவுக்குத் தமிழே விரல் வைத்துத்தான் படிக்க வரும். அக்கா அடுப்பு வேலை முடிந்ததும் உட்கார்ந்து, ஆபீஸில் வீணான ஃபாரங்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு விதியாகத் தமிழில் எழுதினார். ஒரு மழைக்காலம் முழுக்க எழுதினார். புரியாத இடத்தில் பருப்பையும் உப்புக் கல்லையும் தரையில் பரப்பி, இவன் இங்கே, அவன் அங்கே என்று நகர்த்திப் பார்ப்பார். மாமா எதிரில் குந்தி, "இப்ப ஆஃப்சைடா, இல்லியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தத் தாள்களுக்காகவே ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மற்ற இரண்டு ரெஃப்ரிகளும் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். கிளார்க்கு எங்கள் சர்ச்சுக்காரர், பெஞ்சில் உட்காருவார். டிரில் மாஸ்டர் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பேசுவார், தண்ணீரும் கேட்க மாட்டார். எங்கள் தெருவில் அவர் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று நாங்கள் நினைத்த காலம் அது.

நான் சொல்ல வந்த விஷயம், எனக்கு இருபது வயதானபோது நடந்தது. அந்த வருடம் எங்கள் காலனி அணி கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டது. எதிரே மேட்டுத் தெரு அணி. அவர்களில் பலருடைய வயலில்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் நடவு நட்டார்கள். நாங்கள் அதுவரை அவர்களை ஜெயித்ததே இல்லை. ஊத வேண்டிய கிளார்க்குக்கு அன்று காய்ச்சல். டிரில் மாஸ்டருக்கு முழங்காலில் அடி, ஓட முடியாது, கொடி பிடிக்க மட்டும் சம்மதித்தார். வேறு வழியில்லாமல் விசில் மாமாவிடம் வந்தது.

ஏரிக்கரை முழுக்க ஜனம். அக்காவும் பெண்களோடு கரையில் நின்றிருந்தார். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மேட்டுத் தெரு ஆள் ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டினான். மாமா பெனால்டி கொடுத்தார். நான்தான் அடித்தேன். பந்து வலது கம்பத்தில் பட்டு நேரே என் காலுக்கே திரும்பி வந்தது. கீப்பர் விழுந்து கிடந்தார். காலியாக இருந்த பக்கம் தட்டிவிட்டேன். மாமா கோல் என்று விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்டினார். டிரில் மாஸ்டரும் கொடியை ஆட்டினார். மேட்டுத் தெருக்காரர்கள் "கை படவே இல்லை" என்று கொஞ்ச நேரம் கத்தினார்கள். கோலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு கோலில் ஆட்டத்தை ஜெயித்தோம். கோப்பையோடு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேளம் அடித்துக் காலனிக்குப் போனார்கள். சந்தோஷத்தில் அழுத பெரியவர்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு. ரெஃப்ரிகள் வழக்கம்போல வாசலில் கூடினார்கள். நான் உள்ளே தட்டில் சோற்றோடு இருந்தேன்.

"இன்னா சொல்லு, நம்ம லீக்ல தரமே இல்லபா" என்றார் கிளார்க்கு, கழுத்தில் மஃப்ளரோடு. "பந்து எங்க போவுதோ, இருவது பேரும் அங்கயே ஓட்றானுங்க."

டிரில் மாஸ்டர் சிரித்தார். "டவுன் லீக்குல ரெஃப்ரிக்கு எக்ஸாம் வெக்கிறான். இங்க இன்னாத்துக்கு? விசிலு ஊதத் தெரிஞ்சா போதும். இவனுங்களுக்கு அவ்ளோ ரூல்ஸ் எதுக்கு?"

அக்கா காபியோடு வெளியே வந்தார். "சின்ன லீக்குன்னா ரூலும் சின்னதா பூடுமா சார்?"

"அப்டி இல்லம்மா, நான் சொல்றது..."

"நேத்து எந்தம்பி போட்டது கோல் கெடையாது சார்."

என் கை வாய்க்குப் பாதியில் நின்றது. அக்கா தொடர்ந்தார்.

"பெனால்டி அடிச்ச ஆளு, வேற யாராச்சும் தொட்டாத்தான் மறுபடி பந்தைத் தொடலாம். கீப்பர் மேல பட்டு வந்திருந்தா கோலு. கம்பம் ஆளு இல்லியே. அவங்களுக்குத்தான் ஃப்ரீ கிக் குடுத்திருக்கணும்."

டிரில் மாஸ்டர் "அதெல்லாம் இல்ல" என்று ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "அந்தப் பேப்பரக் கொண்டா" என்றார். அக்கா எழுதிய தாளை மடியில் வைத்து, விரலை ஓட்டி ஓட்டி இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து, "நான் தப்பா ஊதிட்டேனா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்குத் தெரியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

"யாரும் கேக்கல. ஒருத்தனுக்கும் தெரியல. நீ ஏங்கா கெளப்பற?"

"எனக்குத் தெரிஞ்சிகினு கீதேடா."

"நீ யாரு பக்கம்?"

"ஒம் பக்கந்தான். நாளைக்கி நம்ம பசங்களுக்கு எவனாச்சும் தப்பா ஊதுனா, எந்த மூஞ்சிய வெச்சிகினு போய் கேக்கறது? மச்சானுக்கு கோல் குடுத்தான்னு மாமாவ சொல்லமாட்டானா?"

கோப்பை என் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மறுநாள் காலை அதை எடுக்க மாமா வந்தபோது கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். மாமா கோபப்படவில்லை. "குட்றா" என்றார், அவ்வளவுதான். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கினார். புதுத் துணியில் சுற்றி மாமாவின் சைக்கிளில் கட்டிவிட்டார்.

கமிட்டித் தலைவர் ஒரு ரைஸ் மில்காரர். அங்கே நடந்ததைக் கிளார்க்கு பிற்பாடு எனக்குச் சொன்னார். "யாரும் புகார் குடுக்கலியே, ஒனக்கு இன்னா வந்தது?" என்று தலைவர் கேட்டாராம். "நான்தான் சார் புகாரு" என்றாராம் மாமா. விசிலையும் மேசை மேல் வைத்துவிட்டாராம். தலைவர் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறு ஆட்டத்துக்கு உத்தரவு போட்டார்.

காலனியே அக்காவின் மேல் கோபமாக இருந்தது. கிணற்றடியில் அவர் போனால் பேச்சு நிற்கும். நடவுக்குப் போகிற பெண்கள் அவரைக் கூப்பிடாமலே போனார்கள். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு போவார், நிரப்புவார், வருவார். ஒரு நாள் மட்டும் அடுப்படியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் போனேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

மறு ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். கோலுக்கு நேர் எதிரே, காலெட்டும் தூரத்தில் இருந்த பந்தை நானே வெளியே அடித்தேன். ஜெயித்திருந்தால் அக்காவிடம் பேசியிருப்பேனோ என்னவோ. தோற்ற வாரமே துணியை மூட்டை கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் போய் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னைச் சுமந்து வளர்த்தவரிடம் ஏழு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு மாமாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். நீ வா.' அவ்வளவே. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பிறந்த சில நாளிலேயே பறிகொடுத்தவர் அக்கா. கார்டைப் பார்த்ததும் பஸ் ஏறினேன். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். "வந்து புள்ளையத் தூக்குடா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தூக்கினேன். இருவரும் வெகு நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் முதலில் கேட்டேன்.

"அக்கா, கம்பத்துல பட்டு வந்தத, கூட ஆட்றவன் எவனாச்சும் அடிச்சிருந்தா?"

"கோல்தாண்டா."

"அப்ப பின்னால ஒருத்தனை ஓடியாரச் சொல்லியிருக்கணும்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். பிள்ளை பெற்ற உடம்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிப்புக் காட்டாதடா பாவி, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அழுதேன். எங்களுக்குள் மன்னிப்பு என்ற பேச்சு அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

அடுத்த வருட லீக்கில் முக்கியமான ஆட்டம் என்றால் மாமாதான் ஊத வேண்டும் என்று மேட்டுத் தெருக்காரர்களே கமிட்டியில் கேட்டார்கள். டிரில் மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடும்மா, அந்த ஃப்ரீ கிக் சமாச்சாரத்த இன்னொரு தபா சொல்லு" என்றார். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பெருமையாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு சொம்பை வைத்துவிட்டு மாமாவைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். கிணற்றடிப் பெண்களும் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார்கள். மனு எழுத வேறு ஆள் இல்லையே.

அக்காவிடம் குறையே இல்லை என்று எழுதினால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். கோபம் சட்டென்று வரும். சர்ச்சில் எல்லோரையும் விடச் சத்தமாக, சுருதி சேராமல் பாடுவார். குரவை மீன் குழம்பில் உப்பு எப்போதும் ஒரு கல் கூடுதலாக இருக்கும்.

அவருக்கு இருதயத்தில் கோளாறு என்பது போன வருடத்துக்கு முந்தைய வருடம்தான் தெரிந்தது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. வயது நாற்பதுகூட நிறையவில்லை. கடைசி மூன்று வாரம் செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். கண் மங்கிவிட்டதால் தினமும் என்னைப் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் படிக்கச் சொல்வார். அச்சில் எழுத்துக் கோக்கிறவன்தான் என்றாலும் என் வாயில் ழகரம் வராது. "வயி இல்லடா, வழி. நாக்க மடி" என்று கண்ணை மூடியபடியே திருத்துவார். நான் மறுபடி சொல்வேன். சரியாக வரும்வரை விட மாட்டார். பக்கத்துக் கட்டில் அம்மாளும் சேர்ந்து சிரிப்பார்.

கடைசி நாள் காலையிலும் படித்தேன். 'வயி' என்றே படித்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

இரவு பகல் பாராமல் கவனித்த டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், உடலை ஊருக்குக் கொண்டுவர வண்டி கொடுத்த மில்காரருக்கும், எங்களோடு தோள் கொடுத்துக் கல்லறை வரை சுமந்து வந்த மேட்டுத் தெரு நண்பர்களுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த காலனித் தாய்மார்களுக்கும், அக்காவின் எட்டு வயது மகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பும் கிளார்க்கு வீட்டு அம்மாவுக்கும் மாமாவின் சார்பிலும் என் சார்பிலும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இந்தப் பக்கங்களை நானே எழுத்துக் கோத்தேன். ஒரு முறைக்கு மூன்று முறை சரி பார்த்தேன். ஆனாலும் பிழை இருக்கலாம். கண்ணில் பட்டால் மனதுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்து சொல்லிவிடுங்கள்.