பாரத்தில் இல்லாத வீடு

பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்த அக்காவைச் சந்தித்தபோது என் கையில் ஆய்வுப் படிவம், எங்கள் பேச்சில் ‘பாரம்’, இருந்தது. புற்றுநோய் என்று தெரிந்தும் தோட்டத்துப் பெண்கள் ஏன் சிகிச்சைக்குப் போவதில்லை என்று கேட்டு எழுதுவது என் வேலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் சொற்பம்தான். பிறகென்ன தயக்கம் என்பது எங்களை அனுப்பியவர்களின் கேள்வி.

அக்காவுக்கு மார்பில் கட்டி. ஈப்போவில் ஆபரேஷனுக்குக் கொடுத்த நாளில் அவர் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்.

“ஏன்க்கா போகல?”

“போனா ரொம்ப மாசத்துக்கு வேலை செய்ய முடியாதாம் லா. வேலைய விட்டா வீட்டயும் விடணும். பாப்பாவோட அப்பாவும் இல்ல. அவ ஸ்கூல்ல எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நானும் தோட்டம் தரும் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். தோட்டத்தில் பேர் இருக்கும்வரைதான் வீடு. என் அப்பா கால் உடைந்து படுத்தபோது, அம்மா மறுநாளே தோட்டக் கணக்கரான கிராணியிடம் போய் வேலைக்குத் தன் பேரைக் கொடுத்தாள்.

பாரத்தில் காரணங்களுக்கு நான்கு கட்டங்கள்: பயம், தூரம், நாட்டு மருந்து, தானே மறுத்தவர். வீட்டுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். ஓரத்தில் எழுதுவது கணினியில் ஏறாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், நான்தான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாயிற்றே. ‘தானே மறுத்தவர்’ என்பதில் டிக் அடித்துவிட்டு, அவர் போட்டுத் தந்த தேநீரையும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வெட்கமாக இருக்கிறது, இதை எழுத.

மற்றவர்களும் அப்படித்தான் டிக் அடித்திருக்க வேண்டும். தோட்டப் பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்றது எங்கள் அறிக்கை. அதில் என் பெயரும் உண்டு.

அடுத்த வருடம் மறுபடி போனபோது, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில் புதிய சுவரொட்டிகள். ‘தயங்காதீர்கள்’ என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து உட்காரவே சிரமப்பட்டார். நோய் எலும்புக்குப் போய்விட்டதாம். எஸ்.பி.எம்.மில் நன்றாகத் தேறிய மகள், வீட்டைத் தக்கவைக்க இப்போது கொழுந்து எடுக்கிறாள்.

“அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் எழுதுனீங்கல்லம்மா? பெரியவங்க பாத்தா, மத்த பொம்பளைங்களுக்காவது வீட்டுக்கு ஒரு வழி செய்வாங்கல்ல?”

“எழுதினேன்க்கா,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, அப்போதுதான் வேலை முடிந்து வந்த மகளிடம் எனக்குத் தேநீர் போடச் சொன்னார்.